பின்சக்கரத்தாரும் அடைக்கோழியும்

மனிதர்களுக்கு முன்பக்கத்தில் முகம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒருவர் ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் வாழ்ந்திருக்கிறார் என்றால், அவர் எங்கள் பின்சக்கரத்தார் ஒருவர்தான்.

சிங்காநல்லூரில் நான் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் அவர் மெக்கானிக். வீட்டில் வைத்த பேர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் யாருக்கும் அது தெரியாது. வண்டி உள்ளே வந்தால் மற்ற மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பார்கள். இவர் விடுவிடுவென்று பின்னால் போய்க் குத்தவைத்து, கழுத்தைத் திருப்பி அடியில் பார்ப்பார்.

வண்டிக்காரர் பதறிப்போய், "ஏனுங்ணா, சத்தம் இஞ்சின்லதானுங்க வருது" என்பார்.

"இஞ்சின் கெடக்குது உடுங்க. பின்னாடி உக்காந்து வந்தவிய எப்படி இருக்கறாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

ஆட்களையும் அவர் அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தார். எதிரே நின்று கும்பிட்டால் யாரோ என்று விழிப்பார். தாண்டிப் போனதும் முதுகைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம மொதலாளிங்களா! சொல்லக் கூடாதுங்களா?" என்று பின்னாலேயே ஓடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாழ்த்த மேடையேறியவர், முன்பக்கம் போகாமல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று அட்சதை போட்டுவிட்டு இறங்கினார். அந்த போட்டோவில் அவருடைய கை மட்டும் சாமி கை மாதிரி தெரிகிறது.

டவுன் பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டுதான். முன்னால் காலியாக இருந்தாலும் போக மாட்டார். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள், "கண்டக்டர்! எடது பக்கத்து ஸ்பிரிங் பட்டையில மூணாவது ஒடஞ்சிருக்குதுங்க" என்று சத்தம் கொடுப்பார். உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பு சொல்லிவிடுமாம் அவருக்கு. கண்டக்டர்கள் அவரைக் கண்டால் விசில் ஊதிக் கிளப்பிவிடுவார்கள். ஓடுகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, "போகட்டும். எப்படியும் பின்பக்கத்தக் காட்டித்தான போகோணும்" என்று சிரிப்பார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு எதிரி இருந்தான். பின்பக்கத்து இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிற ஒற்றை இரும்பு ஆக்சில்தான் அந்த எதிரி.

ஏன் என்பதை அஞ்சாவது வரைக்கும் படித்த எனக்கே புரிகிற மாதிரித்தான் சொன்னார். பழைய வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டின் இரண்டு முனையில் இருக்கும். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. ஒரு மாடு கழுத்தைத் தாழ்த்தினால் மற்றதும் சாயவேண்டும். இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சேர்ந்து கோணிக்கொள்ளும், மேலே உட்கார்ந்திருக்கிறவர் ஜன்னலில் போய் இடித்துக்கொள்வார். இன்னொரு விதம், தனித்தனி சஸ்பென்ஷன். அதில் நுகத்தடியே கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் கை, தனி ஸ்பிரிங், தனி ஷாக்கப்சர். ஒன்று குழியில் இறங்கினால் இறங்கிவிட்டுத் தானே ஏறிவரும். மற்றது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும்.

"அப்பறம் சக்கரத்தச் சுத்தறது யாருங்க? ஆக்சில்தான சுத்தோணும்?" என்று முதலாளி ஒரு தடவை கேட்டுவிட்டார்.

"அக்கா மாவாட்டறதப் பாத்திருக்கறீங்களா மொதலாளி?"

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தையல் மிஷினுக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது.

"தோளு நவுராது. முழங்கை மடங்கும், மணிக்கட்டுத் திரும்பும். ஆனா குழவி சுத்தும். அதே மாதிரிங்க. நடுவுல இருக்கற கிரவுனு, அந்தப் பல்சக்கர டப்பா, பாடியில கெட்டியா மாட்டியிருக்கும், அதான் தோளு. அதுலிருந்து ரெண்டு பக்கமும் ஒரு சின்னத் தண்டு. தண்டோட ரெண்டு மொனையிலயும் மூட்டு. சக்கரம் மேல போனாலும் கீழ போனாலும் சுத்தறது நிக்காது."

நான் அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் பிசையும்போதுகூட என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயால் சொல்வதோடு அவர் விட்டிருந்தால் பரவாயில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு கார் எடுக்க வந்த ஒரு பெரிய மனிதர், "அதென்ன தனித்தனி, எல்லாம் ஏமாத்து" என்று சொல்லிவிட்டார். பின்சக்கரத்தார் ஒரு மூங்கிலைக் கொண்டுவந்தார். ஒரு முனை அந்த மனிதரின் தோளில். மறுமுனை முதலாளியின் தோளில். நடுவில் முதலாளியின் டிபன் கேரியரை மூடியைக் கழற்றிவிட்டுத் தொங்கவிட்டார்.

"இப்ப நீங்க அந்தச் செங்கல்லு மேல ஏறுங்க."

அவர் ஏறினார். மூங்கில் சாய்ந்தது, கேரியர் சறுக்கிக்கொண்டே போய் முதலாளி மேல் மோதியது. ரசம் இரண்டு பேருக்கும் சரிசமமாகப் பங்கு பிரிந்தது.

"ஏறுனது அவரு. நீங்க ஏன் சாஞ்சீங்க மொதலாளி?"

"யோவ், என்ற ரசம்!"

"அந்த ரசம்தானுங்க பின் சீட்டு ஆளு" என்றார் பின்சக்கரத்தார், நிதானமாக. அந்தப் பெரிய மனிதர் மறுபடி எங்கள் பக்கம் வரவில்லை.

வீட்டில் தன் கட்டிலின் நாலு காலுக்கும் தனித்தனியாக ஸ்பிரிங் வைத்தார். சம்சாரம் புரண்டு படுத்தால் தனக்குத் தெரியக்கூடாதாம். அந்த அம்மா ஒர்க்‌ஷாப்புக்கே வந்து எல்லோர் முன்னாலும் கேட்டது: "ஏனுங்க, நான் பொரள்றது தெரியக்கூடாதுன்னா ரெண்டு கட்டிலு போதாதுங்களா? எறங்கறதுக்குள்ள நாலு தடவ எகுறுது!"

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் மகளுக்காகப் போய் நிற்க வேண்டி வந்தது.

என் மகள் பூங்கொடியைத் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்து, தாய் வீட்டார் பலவிதச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது வழக்கம். அவளுடைய அப்பா காலமாகி வெகு வருஷம் ஆகிவிட்டது. அவளை வீட்டில் வைத்து நாலு வாய் ஆக்கிப்போட வேண்டும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளுக்கு இடுப்பில் வலி வந்து, குலுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. சம்பந்தியம்மாள் போன் பண்ணினார்.

"சோறு கட்டீட்டு வாங்க, சாப்புடுங்க, தாம்பூலம் வாங்கீட்டுப் போங்க. புள்ள வராது. எங்க தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வாரதுக்குள்ளயே கொடலு வாய்க்கு வந்துரும். அது நெற மாசத்துல தாங்குமா?"

"மாப்பிள்ளையோட கார்ல மெதுவா..." என்று ஆரம்பித்தேன்.

"அதுல போய்த்தான் எனக்கே முதுகு புடிச்சுது. ஆரூட்டு வண்டியும் வேண்டாம்."

போனை வாங்கிய பூங்கொடி மூக்கை உறிஞ்சினாள். "ம்மா, எப்படியாச்சும் கூட்டீட்டுப் போயிரு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, மிஷினில் உட்கார்ந்து ஒரு சீட்டுக் கவரைத் தலைகீழாகத் தைத்து முடித்தேன்.

தலைகீழ்க் கவரைப் பார்த்துவிட்டுத்தான் பின்சக்கரத்தார் என்னவென்று கேட்டார். நான் பாதிதான் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, மாப்பிள்ள காரு சின்ன வண்டிங்க. அதுலயும் பின்னாடி குறுக்க ஒத்த உத்திரந்தான். உங்க சம்பந்தி சொல்றது நாயம். எனக்கு ஒரு மாசம் குடுங்க."

வேப்ப மரத்தடியில் முதலாளியின் அப்பா காலத்து வெள்ளைக் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒற்றை ஆக்சில், கட்டை மாதிரி விறைத்த ஸ்பிரிங் பட்டை. மதில் ஓரத்தில் சொந்தக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போன வெளிநாட்டுக் கார் ஒன்று, மரம் விழுந்து முன்பக்கம் அப்பளமாகிக் கிடந்தது. தனித்தனி சஸ்பென்ஷன் இருந்த பின்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. அவருக்கென்றே யாரோ செய்து அனுப்பின மாதிரி. அதன் பின்பாகத்தைக் கழற்றி வெள்ளைக் காருக்குப் பொருத்த ஆரம்பித்தார். எட்டு நாள் காரை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய கால் இரண்டும்தான் தெரியும். முதலாளி அந்தக் காலிடம்தான் பேசுவார்.

"வண்டி யாருதுன்னு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க மொதலாளி. அந்தப் பத்து நெம்பரு ஸ்பேனரச் சித்த இங்க தள்ளுங்க."

நான் பின் சீட்டுக்கு மெத்தென்று புதுக் கவர் தைத்துப் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், பக்கத்திலேயே இருக்கிற என் வீட்டிலிருந்து செவலைக் கோழி வந்து அதன் மேல் அடை உட்கார்ந்திருந்தது. அடியில் அன்றைக்கு விட்ட ஒரு முட்டை. அதோடு நான் வீட்டில் எடுத்து வைத்திருந்த முட்டைகளையும் சேர்த்துப் பதினொன்று வைத்து வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று கையை நீட்டினேன்.

"தொடாதீங்க்கா!" என்று காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். வெளியே வந்தவர் கோழியைப் பின்பக்கமிருந்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இத்தன நாளா மோரு டம்ளர வெச்சுச் சோதிச்சிட்டிருந்தேன். சிந்துனாத் தொடைக்கோணும். இது பாருங்க, குலுங்குனா எந்திரிக்கும், குலுங்காட்டி உக்காந்திருக்கும். இதுதானுங்க மீட்டரு. முட்டைகள இதுக்கடியிலயே வைங்க."

அன்றிலிருந்து என் கோழி தினமும் கார் சவாரி போயிற்று. காலையில் ஒரு தடவை இறங்கி வந்து தீனி தின்னும். பிறகு தானே ஏறி உட்காரும். உடனே கதவைச் சாத்திக்கொண்டு ஒண்டிப்புதூர் வரைக்கும் போய்வருவார். முதல் நாள் வேகத்தடையில் கோழி எழுந்து அவர் காதைக் கொத்தியது. "ஸ்பிரிங்கு கெட்டி" என்று மாற்றினார். அடுத்து எழவில்லை, ஆனால் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே வந்தது. "ஷாக்கப்சர் பத்தல. ஸ்பிரிங்கு துள்ளுனா அத அடக்கறது ஷாக்கப்சருதான்" என்று அதையும் மாற்றினார். அதற்கப்புறம் முதலாளியையும் கூட்டிப்போனார். திரும்பி வந்த முதலாளி, "கோழி தலை ஒரு நூலு அசையலையே!" என்று ஆச்சரியப்பட்டார்.

பின்சக்கரத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. "தலையப் பாத்தீங்களா? மொகத்தப் பாக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது! கோழி கழுத்துல ஆண்டவனே ஷாக்கப்சர் வெச்சிருக்கறாரு, ஒடம்ப எப்படி ஆட்டுனாலும் தலை நிக்கும். பின்னாடி பாருங்க, வால்கிட்ட பாருங்க!"

முதலாளி மறுபடி ஏறிப் போய் வாலைப் பார்த்துவிட்டு வந்தார். அத்தனை தொழிலையும் விட்டுவிட்டு.

கட்டுச்சோறு நாள் வந்தது. கோழி அடை உட்கார்ந்து இருபத்தோராம் நாள். இந்த நேரத்தில் அதை இறக்க முடியாது. உறவுக்காரர்கள் எல்லாம் வேனில் வர, நான் வெள்ளைக் காரின் பின் சீட்டில் மடியில் புளிச்சோற்றுத் தூக்கோடு, பக்கத்தில் கோழியோடு, தாராபுரம் போய் இறங்கினேன். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"இதென்னுங்க, சீரா?" என்றார் சம்பந்தியம்மாள்.

பின்சக்கரத்தார் வண்டியிலிருந்து இறங்கி, பந்தலிலிருந்த மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்து, "சம்பந்தியம்மாங்க, வணக்கமுங்க" என்றார். பிறகு ஆளை மாற்றிக்கொண்டு, கோழி மீட்டர் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்.

சம்பந்தியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐம்பது கோழி வளர்க்கிறவர், லேசில் மயங்குகிற ஆள் இல்லை. சாப்பாடு முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்க இட்டேரில ஒரு நட போலாம். நானும் பின்னாடிதான் உக்காருவேன். கோழி எந்திரிச்சா புள்ள இங்கதான். அப்பறம் ஆரும் ஒண்ணும் பேசக் கூடாது. சரிங்களா?"

"சரிங்க" என்றார் பின்சக்கரத்தார். என்னை யாரும் கேட்கவில்லை. வாசலில் பூங்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பை ஏற்கெனவே கட்டியிருந்தது.

நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் சம்பந்தியம்மாளும் கோழியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு வந்தார்கள். இட்டேரி என்றால் இரண்டு பக்கம் வேலி, நடுவில் கல்லும் வண்டித் தடமும். மாட்டு வண்டியே முனகிக்கொண்டு போகும் தடம் அது.

"இப்ப எடது எறங்குதுங்க!" என்று பின்சக்கரத்தார் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "எறங்கீருச்சு! வலதுக்குச் சேதியே தெரியாதுங்க! இப்ப வலது கல்லு மேல ஏறுது, எடது பாட்டுக்கு இருக்குது!"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க சாமி!"

"ரோடு முன்னாடி இருக்குதுங்க. எனக்குப் பின்னாடி என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க!"

"ஒண்ணும் ஆகல!" என்றார் சம்பந்தியம்மாள். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போல. மேலே பிடித்திருந்த கைப்பிடியை மெதுவாக விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். இட்டேரி முழுவதும் போய், திரும்பி, வீட்டு வாசலுக்கு வந்து வண்டி நின்றது. கோழி எழவில்லை. இஞ்சினை நிறுத்தினார்.

கோழி எழுந்து நின்றது.

"எந்திரிச்சிருச்சு" என்றார் சம்பந்தியம்மாள்.

"வண்டி நின்னதுக்கப்பறந்தானுங்க..." பின்சக்கரத்தாரின் குரல் கீழே போய்விட்டது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாசலில் பூங்கொடி பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போது கோழிக்கு அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம்.

சம்பந்தியம்மாள் சட்டென்று குனிந்து, பழகின கையைக் கோழிக்கு அடியில் விட்டார். ஈரம் காயாத ஒரு குஞ்சு வந்தது. பக்கத்தில் இன்னொரு முட்டையில் மூக்கு தெரிந்தது. ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். எல்லாவற்றிலும் கொத்துகிற சத்தம் இருந்திருக்கிறது. முகமே மாறிவிட்டது அவருக்கு.

"இருவத்தோரு நாளும் இதுங்க இந்த வண்டிக்குள்ளயா இருந்துச்சுங்க?"

"தெனமும் ஒண்டிப்புதூரு போய்ட்டு வந்துச்சுங்க."

"ஒரு கூமுட்ட இல்ல!" சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தார். "சந்தையிலிருந்து பஸ்ல கொண்டாந்த முட்டைய நான் அடை வெக்கவே மாட்டேனுங்க. ஒரு குலுக்கு குலுங்குனாலும் கரு கலங்கீரும். இது பதினொண்ணும் உசுரா இருக்குது."

கோழி எழுந்ததைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை. இறங்கி நின்று, "அம்மணி, பைய எடு கண்ணு. உங்கம்மா கூட்டீட்டுப் போகட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "குஞ்சு பொரிக்கற கோழிய அலைக்கழிக்கக் கூடாது. அது இங்கயே இருக்கட்டும்" என்றார். கோழியையும், பொரிந்ததும் பொரியாததுமாகப் பதினொரு குஞ்சையும் கொடுத்துவிட்டு என் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த ஊரில் யாரும் செய்யாத பண்டமாற்று.

திரும்பி வரும்போது பின்சக்கரத்தார் ரோட்டிலேயே கண்ணாக இருந்தார். வேகத்தடை வந்தால் ஏறக்குறைய நின்றே போய்விடுவார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எங்களுக்கு எல்லாப் பேரும் வைத்தார்கள். பல்லடம் வருவதற்குள் பூங்கொடி பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லையாம் அவளுக்கு.

எங்கள் வீதியில் வந்து நின்றபோது மேற்கு வெயில் கண்ணைக் குத்தியது. எழுப்பலாம் என்று போனேன்.

"எழுப்பாதீங்க்கா" என்றார் மெதுவாக. இறங்கிக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். ஜன்னல் வழியாக அவள் முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை அவர் முன்பக்கமிருந்தே கொஞ்ச நேரம் பார்த்தார். தோளில் கிடந்த கிரீஸ் துண்டை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலை மறைத்து நின்றார். ஹாரன் அடிக்க வந்த பால்காரரைக் கண்ணாலேயே விரட்டினார்.

கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. அவர் காலை மாற்றி மாற்றி ஊன்றினார். நான் ஸ்டூல் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

"வேண்டாமுங்க்கா. நான் உக்காந்தா நெழலும் எறங்கீருமுங்க."

வீட்டுக்குள் போய்க் குடையை எடுத்து வந்து, அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். வீதியில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.